ஃபார்மட் சிங்கராயரின் காது

தூத்துக்குடியில் சிங்கராயர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபார்மட் சிங்கராயர் என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். எந்தக் கம்ப்யூட்டர் எந்த நோயோடு வந்தாலும் அவரிடம் மருந்து ஒன்றுதான். வைரஸா, ஃபார்மட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வந்த ஒரு வாத்தியாருக்கும் ஃபார்மட் செய்து முடித்த பிறகுதான், ஸ்பீக்கரின் ஒயர் மாட்டாமல் கிடந்ததைக் கவனித்தார். அதையும் மாட்டி, "இப்ப பாருங்க சார், புதுசு மாதிரி" என்று அனுப்பிவைத்தார்.

முப்பது வருஷமாக அவர் விண்டோஸ்காரர். காலையில் கடையைத் திறந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார், அடுத்து மௌஸின் வலது பக்கத்தை அழுத்தி மூன்று முறை ரெஃப்ரெஷ் கொடுப்பார். இரண்டினாலும் என்ன நடக்கிறது என்று அவர் ஆராய்ந்ததில்லை. எந்த வேலைக்கும் முன்னால் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து உள்ளே கிடப்பதை எல்லாம் அழிப்பார். வீடு கூட்டாமல் விளக்கேற்றலாமா? திரையில் வரும் அறிவிப்புகளை மட்டும் அவர் படித்ததே கிடையாது. கீழே ஓகே என்று ஒரு பொத்தான் இருக்கும்போது மேலே என்ன எழுதியிருந்தால் என்ன?

ஐம்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோனது. செவிச்சுடர் என்ற கம்பெனியின் காதை வைத்தார்கள். மண்டைக்குள் ஒரு துண்டு, காதுக்குப் பின்னால் கழற்றி மாட்டும் ஒரு துண்டு. வெளித்துண்டுக்குள் இருந்தது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். படம் படமாக மெனு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சிங்கராயருக்குப் பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. மலிவான திட்டத்தில் சேர்ந்திருந்ததால் அவ்வப்போது விளம்பரம் வரும். ஒருமுறை துக்க வீட்டில் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் காதுக்குள் மாங்காய் ஊறுகாய் பாடியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, எவ்வளவு பாசக்கார மனுஷன் என்று ஊர் பேசியது.

அந்தக் காதின் உண்மையான வித்தை வேறு. பழகிய ஆட்களின் குரலைப் படித்து வைத்துக்கொள்ளும். பிறகு அவர்கள் எவ்வளவு மங்கலாகப் பேசினாலும், விட்டுப்போன இடங்களைத் தன் கையிருப்பிலிருந்து நிரப்பி முழுக் குரலாக்கிக் கொடுக்கும்.

அவருடைய மனைவி ரோஸ்மலர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். குரல்தான் அவளுடைய முதலீடு. அவள் தெருமுனையில் பாலிசியின் பயன்களை விளக்கினால் மறுமுனையில் இருப்பவர் கையெழுத்துப் போட பேனாவைத் தேடுவார். அவருக்குக் காது வைத்துச் சில வருஷம் கழித்து அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தபோது கூடவே ஏதோ ஒரு நரம்பும் போனது. அதன் பிறகு அவள் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. எதிரில் இருப்பவர்கள் தலையைச் சாய்த்து "என்ன?" என்றார்கள். இரண்டாவது தடவை சொன்னாலும் "என்ன?" என்றார்கள். மூன்றாவது தடவைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. பாலிசி போனது, பிறகு சந்தைக்குப் போவது நின்றது, கடைசியில் மளிகைக் கடையில் விரலால் காட்டி வாங்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஊரிலேயே அவளிடம் "என்ன?" என்று கேட்காத ஒரே ஆள், காது போன சிங்கராயர்தான். அவருடைய காதில் அவள் இன்னும் தெருமுனைக் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய பேச்சு மொத்தத்தையும் அவரிடம்தான் கொட்டுவாள். பெரும்பாலும் அவரைப் பற்றிய குறைகள். காதின் வித்தை அவளுக்குத் தெரியாது. புருஷன் இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவழியாகத் தன் பேச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டான் என்று நினைத்திருந்தாள். அந்தப் பெருமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க சிங்கராயருக்கும் மனம் வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் காதுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல ஓகே கொடுத்துவிட்டார். மறுநாளும் வந்தது. மூன்றாவது நாள், இது ஏன் போகமாட்டேன் என்கிறது என்ற எரிச்சலில்தான் படித்தார். செவிச்சுடரை வேறொருவர் வாங்கிவிட்டார். பழைய மாடல் காதுகள் மாதக் கடைசியோடு நிறுத்தப்படும். புது மாடல் வாங்கலாம். பழைய குரல்கள் அதில் வராது, அது முதலிலிருந்து கற்றுக்கொள்ளும்.

முதலிலிருந்து என்றால் எதிலிருந்து? ரோஸ்மலரிடம் இப்போது இருக்கும் காற்றிலிருந்து எந்தக் காது எதைக் கற்கும்? ஒருநாள் தானும் தலையைச் சாய்த்து "என்ன?" என்று கேட்பதை சிங்கராயர் நினைத்துப் பார்த்தார். அன்றோடு அவள் வீட்டுக்குள்ளும் பேச்சை நிறுத்திவிடுவாள். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வழி ஒன்று இருந்தது. ஆனால் அது தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

எதிரே நெட் சென்டர் வைத்திருந்த பெனடிக்டா ஆரம்பம் முதலே, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் கட்சி. அவளும் ஐம்பதைத் தாண்டியவள். அவளுடைய கடையைக் காட்டி, ஓசி சிஸ்டம், அன்னதான வரிசை, எழுத்து எழுத்தாகக் கட்டளை அடிக்கிற தந்தி ஆபீஸ் என்றெல்லாம் சிங்கராயர் வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்த காலம் உண்டு. கைவிடப்பட்ட காதுகளுக்காக எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து லினக்ஸில் ஒரு சிஸ்டம் எழுதியிருப்பதாகவும், அதைத் தமிழில் பெயர்த்தவர்களில் பெனடிக்டாவும் ஒருத்தி என்றும் கேள்விப்பட்டபோது, அவர் கடையை அடைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார். பத்தடி ரோடுதான். கடப்பதற்கு அரை மணி நேரம் ஆனது.

"வாங்க அண்ணாச்சி. அன்னதானத்துக்கா?" என்றாள் பெனடிக்டா.

"தந்தி அடிக்கணும்மா" என்றார் அவர்.

அவள் சிரித்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. ரோஸ்மலரை அவளுக்கும் தெரியும். குரல்கள் காதுக்குள் ஒரு ஃபோல்டராகத்தான் இருக்கின்றன, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காதை அழித்து, புது சிஸ்டத்தைப் போட்டு, ஃபோல்டரைத் திரும்ப உள்ளே வைத்தால் போதும் என்றாள். சுருக்கமாகச் சொன்னால் ஃபார்மட்.

சிங்கராயருக்கு உயிர் வந்தது. அப்படியானால் நீயே செய்து கொடுத்துவிடேன் என்றார்.

"அது முடியாது. காதுக்கு ரூட் பாஸ்வேர்ட்னு ஒண்ணு வைக்கணும். அது யார் கையில இருக்கோ, அவங்க நினைச்சதுதான் உங்களுக்குக் கேக்கும். வேண்டாததை மூடலாம், இல்லாததைச் சேக்கலாம். இத்தனை நாளா அந்தக் கம்பெனி கையில இருந்துச்சு, ஊறுகாய் பாடுச்சு. அதை என் கையில வாங்கி வச்சிக்கிட்டா நானும் அவனும் ஒண்ணுதான அண்ணாச்சி? உங்க காதுக்கு நீங்கதான் சொந்தக்காரர். கத்துக்கிடுங்க."

ஊருக்கே ஃபார்மட் செய்தவர் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தொடங்குவதற்கு முன் கை தானாக வலது பக்கம் அழுத்தியது. ரெஃப்ரெஷ் இல்லை. மறுபடி அழுத்தினார். பெனடிக்டா அவருடைய கையிலிருந்து மௌஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்க pwd. இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ls. வேறு இடத்துக்குப் போக cd. நகலெடுக்க cp. அழிக்க rm. "எதைச் செய்யதுக்கு முன்னாலயும் நிக்கிற இடத்தைக் கேளுங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஒரு பெட்டியிடம் கேட்கும் நிலை தனக்கு இன்னும் வரவில்லை என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பாஸ்வேர்ட் அடித்தபோது திரையில் நட்சத்திரம்கூட வரவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று அதைத் தலைகீழாகத் தட்டினார். முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்திருந்த பெனடிக்டா, அது அப்படித்தான், எத்தனை எழுத்து என்பதைக்கூட வெளியே காட்டாது, அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள் என்றாள். நகலெடுத்தபோது, தாள்கள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும் படம் வரும் என்று காத்திருந்தார். எதுவும் பறக்கவில்லை.

"இது ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"ஒண்ணும் சொல்லலைன்னா வேலை ஒழுங்கா முடிஞ்சிட்டுன்னு அர்த்தம் அண்ணாச்சி. தப்பு நடந்தாத்தான் இது வாயைத் திறக்கும். அப்ப மட்டும் படிச்சிருங்க."

அவர் தலையாட்டினார். தலைக்குப் புரிந்தது. விரலுக்குப் புரியவில்லை. அடிக்கும் கட்டளைகளை எல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில், மேல் அம்புக்குறியைத் தட்டி இன்னொரு தடவையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கே போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக ரோஸ்மலரிடம் சொல்லியிருந்தார். காதைச் சரிபார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார், மீதியைச் சொல்லவில்லை. "பாத்துக் குடுங்க. கழட்டித் தொலைச்சிட்டு வந்து நிக்காதீங்க" என்றாள் அவள், அந்தப் பழைய கணீர்க் குரலில். வாசற்படியில் நின்று அவர் அதை ஒரு தடவைக்கு இரு தடவையாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

வெளித்துண்டைக் கழற்றியதும் உலகம் அணைந்தது. அதை ஒயரில் மாட்டி லேப்டாப்போடு இணைத்தார்கள். இனிப் பேச்சு இல்லை என்பதால் பெனடிக்டா இன்னொரு திரையில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். முதலில் காதிலுள்ள 'குரல்' ஃபோல்டரை லேப்டாப்பில் 'பத்திரம்' என்ற பெயரில் நகலெடுங்கள். பிறகு காதில் புது சிஸ்டம். அதற்குள் பிரிண்ட் எடுக்க ஒரு கூட்டம் வந்துவிட, அவள் எழுந்து போனாள்.

சிங்கராயர் நகலெடுத்தார். சத்தமில்லாத உலகத்தில் சத்தமில்லாத திரை ஒன்று அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது. முடிந்ததா, இல்லையா? மேல் அம்புக்குறி, என்டர். இன்னொரு தடவை. அதற்கும் பதிலில்லை. பத்திரத்துக்குள் போய் ls கொடுத்தார். பெயர்கள் வரிசையாக வந்தன, ரோஸ்மலர் என்ற பெயரும் இருந்தது. நிம்மதியாகக் காதை அழித்து, புது சிஸ்டத்தை ஏற்றும் கட்டளையைக் கொடுத்தார். இன்னொரு சாளரத்தில் எழுத்துகள் சரம்சரமாக ஓடத் தொடங்கின.

நேரம் ஆகும்போல இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு முன்னால் டெம்ப் ஃபோல்டரைக் கூட்டவில்லையே என்று ஓர் உறுத்தல். இதில் அதெல்லாம் வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பெனடிக்டா சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லும் வீட்டில்தான் குப்பை அதிகம் இருக்கும் என்பது அவர் அனுபவம். cd temp என்று அடித்தார். ஏதோ ஒரு வரி வந்தது. ஓகே என்கிற மாதிரி என்டரைத் தட்டினார். rm, ஒரு இடைவெளி, ஒரு நட்சத்திரம்: இங்கே இருப்பதை எல்லாம் அழி. மறுபடியும் ஒரு வரி வந்தது. அதற்கும் ஒரு என்டர்.

சுத்தமாகிவிட்டதா என்று ls கொடுத்துப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பெயர் மிச்சம். டெம்ப்புக்குள் அந்தப் பெயருக்கு என்ன வேலை? வாழ்க்கையில் முதன்முறையாகத் தானாக அந்தக் கேள்வியைக் கேட்டார். pwd. நான் எங்கே நிற்கிறேன்?

பத்திரம், என்றது திரை.

அழித்ததை மீட்க அவர் ரீசைக்கிள் பின்னைத் தேடினார். அப்படி ஒன்று அங்கே இல்லை. மௌஸைத் தேடினார், அது அலமாரியில் இருந்தது. காதிலும் குரல்கள் இல்லை, அதைத் தன் கையாலேயே அழித்திருந்தார். ஊர் பூராவும் எத்தனை பேருடைய கல்யாணப் படங்களை, பிள்ளைகளின் முதல் பிறந்தநாளை, "பேக்கப் எடுத்துட்டீங்கள்ல?" என்று கேட்டுக்கொண்டே பதிலுக்குக் காத்திராமல் அழித்திருக்கிறார். அந்த முகங்கள் எல்லாம் கவுண்டருக்கு மறுபுறம் நின்ற மாதிரியே இப்போது தன் முகம் இருக்கும் என்று நினைத்தார்.

பெனடிக்டா வந்து பார்த்தபோது அவர் பெரிய எழுத்துத் திரையில் இரண்டே வார்த்தைகள் அடித்து வைத்திருந்தார்: எல்லாம் போச்சு.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். வாய் அசைந்ததில் திட்டுகிறாள் என்று தெரிந்தது. பிறகு விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள். அவர் ஓகே கொடுத்து அனுப்பிய முதல் வரி. 'temp: அப்படி ஓர் அடைவு இங்கே இல்லை.' அடைவு என்றால் அவர்களுடைய தமிழில் ஃபோல்டர். நீங்கள் எங்கேயும் போகவில்லை, பத்திரத்திலேயேதான் நிற்கிறீர்கள் என்று அது சொல்லியிருந்தது.

விரல் கீழே இறங்கி இரண்டாவது வரியில் நின்றது. 'குரல்: இது ஓர் அடைவு. நீக்க இயலாது.'

சிங்கராயர் அதைப் படித்தார். புரியாமல் மறுபடி படித்தார். பெனடிக்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவை நகலெடுத்தீங்களா?"

அவர் குற்றவாளியைப் போலத் தலையாட்டினார்.

"முதல் தடவை பத்திரம்னு ஒண்ணு இல்ல. அதனால அதை உண்டாக்கி ஃபைலை எல்லாம் உள்ள வச்சுது. ரெண்டாவது தடவை அது ஏற்கெனவே இருந்துது. அதனால குரல் ஃபோல்டரையே முழுசாத் தூக்கி அதுக்குள்ள வச்சிட்டு. நீங்க அழிச்சது வெளியே கிடந்ததை மட்டும். ஃபோல்டரை அழிக்கணும்னா தனியாச் சொல்லணும். நீங்க சொல்லல. அதைத்தான் அது உங்ககிட்ட சொல்லிருக்கு."

அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். எல்லாப் பெயர்களும் இருந்தன. ரோஸ்மலரும் இருந்தாள். சிங்கராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"நான் சொன்னதை நம்பி ஒரு தடவை மட்டும் செஞ்சிருந்தா இன்னைக்கு எல்லாம் போயிருக்கும்" என்று அவள் அடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே இன்னொன்றும் அடித்தாள். "இதை வெளியே சொன்னா எனக்கு வியாபாரம் கெட்டுப்போகும்."

குரல்களைப் புதுக் காதுக்குள் ரூட் பாஸ்வேர்டோடு அவர்தான் திரும்ப வைத்தார். துண்டை மாட்டியதும் உலகம் வந்தது. பெனடிக்டாவும் பிரிண்ட் எடுக்க வந்தவர்களும் ஒரே தகரக் குரலில் பேசினார்கள். காது வீட்டுக்குப் போவதற்குள் ஃபைல்களைப் படித்து எடுத்துக்கொள்ளும், ஆரம்பத்தில் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி என்றாள். காது ஏதாவது சொன்னால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, ஒயர் இல்லாமலே அதோடு இணையும் ஒரு பழைய லேப்டாப்பையும் கொடுத்தனுப்பினாள்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ரோஸ்மலர் ஆரம்பித்துவிட்டாள். குரல் கரகரவென்று, காகிதத்தைச் சுவரில் உரசுவதைப் போல இருந்தது. பெனடிக்டா சொன்ன புதுச் செருப்பு இதுதான் என்று சிங்கராயர் நினைத்துக்கொண்டார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டாராம். தொட்டி நிரம்பி, கீழ்வீட்டு அம்புரோஸ் காயப்போட்டிருந்த துணி எல்லாம் நனைந்துவிட்டதாம். அம்புரோஸ் மேலே வந்து கத்தினானாம். அவனுக்குப் பதில் சொல்லவும் தன்னால் முடியவில்லையாம், சொன்னாலும் அவனுக்குக் கேட்கவா போகிறது. பொரித்த சாளை மீன் ஆறிப்போனதாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எத்தனையோ வருஷமாக இவ்வளவு ஆசையாக அவர் குறை கேட்டதில்லை.

திடீரென்று அவள் நிறுத்தினாள். "காதை மாத்தினீங்களே. நான் பேசுறது கேக்குதா?"

"கேக்காம? மோட்டார், துணி, அம்புரோஸ், சாளை. எதையாவது விட்டுட்டேனா?"

அவள் சிரித்தாள். வெறும் காற்று மட்டும் வந்தது. சிரிப்பென்று அவருக்குத் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்து, அம்புரோஸிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, காது ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்க லேப்டாப்பைத் திறந்தார். சொல்லியிருந்தது. என்டருக்குப் போன விரலை நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'குரல்: திறக்க அனுமதி இல்லை. எந்தக் குரலும் ஏற்றப்படவில்லை.'

முதலாளிக் கணக்கான ரூட்டின் பெயரில் வைத்ததால் ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. காதால் அவற்றைத் தொட முடியவில்லை. ஒரு வரியில் சரிசெய்துவிடலாம், அந்தக் கட்டளையைப் பெனடிக்டா சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் அதை அடித்தார். என்டரைத் தட்டும் முன் கை நின்றது.

எந்தக் குரலும் ஏற்றப்படவில்லை. அப்படியானால் மோட்டார்? துணி? அம்புரோஸ்?

"என்ன அப்படியே உக்காந்திருக்கீங்க?" என்றாள் ரோஸ்மலர், அந்தக் காகிதக் குரலில், அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அவர் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருஷமும் அவளுடைய பழைய குரல்தான் தனக்குக் கேட்டது என்பதை. அது இதோ இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை. இந்தப் பொத்தானைத் தட்டினால் அது திரும்ப வந்துவிடும் என்பதை. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"மிக்ஸி ஓடும்போது அடுப்படிலருந்து பேசுவேன், அப்பகூட நீங்க என்னன்னு கேட்டதில்ல. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துது. இவரு இவ்வளவு நல்லவரு கிடையாதேன்னு" என்றாள். பிறகு கேட்டாள்: "இப்ப கேக்குறது?"

"இப்ப இருக்குறது."

"அம்புரோஸ் கதை முழுசும் இதுலயா புரிஞ்சுது?"

"இதுலதான்."

ரோஸ்மலர் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "அப்போ இதுவே இருக்கட்டும். அம்புரோஸுக்கு நானே ஒரு பதில் வச்சிருக்கேன், போய்ச் சொல்லிட்டு வாரேன். ரெண்டு தடவை சொன்னாத்தான் புரியும்னா ரெண்டு தடவை சொல்லுதேன்." வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "அதையும் தொலைச்சிராதீங்க. பத்திரமா எடுத்து வைங்க."

படிக்கட்டில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. சிங்கராயர் அடித்து வைத்திருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டு, பதிலைப் படித்தார். பிறகு குரல் ஃபோல்டரை இன்னொரு நகல் எடுத்தார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது என்று அர்த்தம். அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

கீழே அம்புரோஸ் "என்ன?" என்று கேட்பதும், காகிதம் உரசுவதைப் போன்ற அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் கேட்டன. சிங்கராயர் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டு, மேல் அம்புக்குறியைத் தட்டினார். என்டர். எதற்கும் இன்னொரு தடவை.